ஜன்னலோர சீட்... உப்புக் காற்று... 4 வழி வந்தாலும் தொடருமா ஈ.சி.ஆர். குஷி?

சென்னை திருவான்மியூரில் பஸ் ஏறி, இடது பக்கம் ஜன்னலோர சீட் பிடித்து விட்டால் போதும். புதுச்சேரி வரை சுமார் 150 கிலோ மீட்டரும் குஷிதான். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானா ஈ.சி.ஆர்.?

கோவளத்தில் கடல் காற்று. மாமல்லபுரம் தாண்டினால் சாலையோரம் நுங்கு. கோடையில் மரக்காணம் உப்பளம் வந்ததும், வெள்ளை வெளேர்னு குவிந்து கிடக்கும் உப்பைப் பார்க்க தூங்கி வழிந்த வாண்டுகூட எழுந்து உட்காரும்.

ஆனால் 2 வழிச் சாலையில் பஸ் ஓவர்டேக் செய்யும்போது உயிர் கையில்தான். மரக்காணம்-புதுச்சேரி இடையே 46 கிலோ மீட்டரை ரூ.2,157 கோடியில் 4 வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. நேரம் மிச்சம், நேருக்கு நேர் மோதலும் குறையும். வேண்டாம் என்று யார் சொல்வார்?

நுங்கு விற்கும் அக்காவின் கணக்கு வேறு. வண்டி நின்றால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். 4 வழியில் பறக்கிற வண்டி எங்கே நிற்கும்? பஸ் நிற்கவும், கடை போடவும் ஓரமாக இடம் விடுவதை இப்போதே பிளானில் சேர்க்க வேண்டும். தடுப்புக் கம்பி நட்ட பிறகு மனு கொடுத்து என்ன பிரயோஜனம்?