ஒருவருக்கு 2 கோடி டாலர்! மற்றவர்களுக்கு?

அமெரிக்காவில் மியாமி என்று ஒரு கடற்கரைப் பட்டணம். அங்கே "இன்டர் மியாமி" என்ற கால்பந்து கோஷ்டி இருக்கிறது.

2023-ம் ஆண்டில் அந்தக் கோஷ்டியில் சேர்ந்தார், லியோனல் மெஸ்ஸி. அர்ஜென்டினா நாட்டுக்காரர். 2022-ல் உலகக் கோப்பையை வென்ற கோஷ்டியின் தலைவர்.

ஆட்டக்காரர்கள் சங்கம் வெளியிட்ட கணக்குப்படி, 2025-ல் மெஸ்ஸியின் சம்பளம் 2 கோடி டாலருக்கு மேல்!

அதே போட்டியில் ஆடும் கடைசி வரிசை இளைஞருக்கு அந்த ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 80 ஆயிரத்து 622 டாலர். மெஸ்ஸி வாங்கியது அதைப்போல் சுமார் 250 மடங்கு!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தப் போட்டியை நடத்தும் லீக், சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டியிருக்கிறது. வரம்பு இருக்கும்போது 2 கோடி எப்படி வந்தது?

பயத்தில் பிறந்த சட்டம்

1975-ல் பிரேசில் வீரர் பெலே, "நியூயார்க் காஸ்மாஸ்" கோஷ்டியில் சேர்ந்தார். கூட்டம் அலைமோதியது. மற்றக் கோஷ்டிகளும் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களைத் தேடி ஓடின. வரவுக்கு மேல் செலவு செய்தன.

முடிவு? 1984-ம் ஆண்டு ஆட்டங்களோடு அந்த லீக்கே மூடப்பட்டது!

1996-ல் "மேஜர் லீக் சாக்கர்" என்ற புதிய லீக் ஆட்டங்களைத் தொடங்கியது. அமெரிக்காவில் கால்பந்துக்கு "சாக்கர்" என்று பெயர்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? புதிய லீக் எச்சரிக்கையாக இருந்தது. ஆட்டக்காரர் கோஷ்டியிடம் அல்ல, லீக்கிடமே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். சம்பளத்துக்கு ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரே அளவு.

2025-ல் அந்த அளவு 59 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதை 20 பேர் வரை பங்கிட்டுக்கொள்ள வேண்டும். லீக் தனியாக ஒதுக்கிக் கொடுக்கும் பணமும் உண்டு.

மூன்று நாற்காலிகள்

2007-ல் இங்கிலாந்து வீரர் டேவிட் பெக்காம் அமெரிக்காவுக்கு வந்தார். அவருக்காக வரம்பில் ஒரு கதவு திறக்கப்பட்டது.

2025-ம் ஆண்டு விதிப்படி, ஒரு கோஷ்டியில் மூன்று பேர் வரை எவ்வளவு சம்பளமும் வாங்கலாம். பொதுக் கணக்கில் ஒருவருக்கு அதிகபட்சம் 7 லட்சத்து 43 ஆயிரத்து 750 டாலர்தான் எழுதப்படும். பெரும்பாலும் மீதிப் பணம் முதலாளியின் பொறுப்பு.

அன்று கதவு திறக்கக் காரணமான பெக்காம், இன்று இன்டர் மியாமியின் முதலாளிகளில் ஒருவர்!

இடம் இழந்த இளைஞர்

இன்டர் மியாமி முதன்முதலாக ஆடியது 2020-ல். மூன்று நாற்காலிகளும் நிரம்பிவிட்டன. அதே ஆண்டில் பிரான்சு நாட்டு வீரர் பிளேஸ் மத்துய்தியும் வந்தார். அவர் 2018-ல் உலகக் கோப்பை வென்றவர். அவருடைய சம்பளம் வரம்புக்குள் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டது.

லீக் விசாரித்தது. மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்!

2021-ல் கோஷ்டிக்கு 20 லட்சம் டாலர் அபராதம். 2022, 2023-ம் ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பணத்திலும் 22 லட்சம் டாலருக்கு மேல் வெட்டு.

மத்துய்திக்கு ஒரு நாற்காலி வேண்டுமே! எழுந்திருக்க வேண்டியவர் மத்தியாஸ் பெல்லெக்ரினி. வயது 21. கோஷ்டியில் முதன்முதல் சேர்ந்தவர்களில் ஒருவர். பணம் கொடுத்து அவருடைய ஒப்பந்தத்தை முடித்தார்கள். அவர் கீழ்நிலைக் கோஷ்டிக்குப் போனார்.

கணக்கு எழுதியவர் அவர் அல்ல. இடத்தை இழந்தவர் அவர்!

யாருக்கு நெருக்கடி?

மெஸ்ஸியைக் குறை சொல்வதற்கில்லை. அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. கடைசி வரிசைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்ற பாதுகாப்பு இருக்கிறது. முதல்நிலை ஆட்டக்காரருக்கு 2015-ல் அது 60 ஆயிரம் டாலர். சங்கம் பேசிப் பேசி உயர்த்தியதில், 2025-ல் 1 லட்சத்து 4 ஆயிரம் டாலர் ஆயிற்று.

நெருக்கடி நடுவில் இருப்பவருக்குத்தான். அவர் நன்றாக ஆடுகிறார். சம்பள உயர்வு கேட்கிறார். கொடுக்க முதலாளிக்கு மனம் இருந்தாலும் வரம்பு தடுக்கிறது. அவர் வேறு கோஷ்டிக்குப் போக வேண்டியதுதான். நன்றாக ஆடியதே அவருக்கு வினையாகிறது!

2025 டிசம்பரில் இன்டர் மியாமி லீக்கின் கோப்பையை வென்றது. மெஸ்ஸியோடு களத்தில் நின்றவர்கள் இன்னும் பத்துப் பேர்.

வரம்பு லீக்கைக் காப்பாற்றியது உண்மை. மூன்று பேருக்குக் கதவைத் திறந்தவர்கள், மற்றவர்களுக்கு ஒரு ஜன்னலையாவது திறக்க வேண்டாமா?