பைகளுக்குக் காவலிருக்கும் பெற்றோர்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் பயணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது கடலைத்தான். அதில் தவறேதும் இல்லை. கடலையும் அதில் மிதந்து செல்லும் கப்பல்களையும் தன் அத்தாட்சிகளாகத் திருமறையின் பல இடங்களில் அல்லாஹ் எடுத்துக்காட்டுகின்றான். நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். குடும்பத்துடன் மகிழ்ந்திருப்பது மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. ஆனால், அந்த மகிழ்ச்சியில் நம் பெற்றோருக்கு உரிய பங்கு கிடைக்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தார் 11 பேர் மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு வேனில் சென்றோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மணலில் நடக்க இயலாது. "நீங்க வண்டியிலேயே இருங்கம்மா, பையையும் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உறங்கிய கைக்குழந்தையையும் அவர்கள் மடியில் கிடத்திவிட்டு, நாங்கள் அலைகளை நோக்கிப் போய்விட்டோம். 2 மணி நேரம் கழித்துத் திரும்பினோம். எங்கள் அம்மா கண்டதெல்லாம் முன்னால் நின்ற வண்டியின் பின்புறம் மட்டுமே.

அன்று மாலை அவர்களுக்குக் கடும் தலைவலி. விசாரித்தபோதுதான் காலையிலிருந்து அவர்கள் ஒரு மிடறு தண்ணீர்கூட அருந்தவில்லை என்பது தெரிந்தது. வழியில் கழிப்பறைக்கு வண்டியை நிறுத்தச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். "எதுக்கு எல்லாருக்கும் சிரமம்னு இருந்துட்டேன்" என்றார்கள்.

அத்தாவின் நிலையும் வேறன்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, அங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. அத்தாவின் தந்தையார் வணிகத்துக்காக இலங்கைக்குக் கப்பலேறிய துறை அது. இடிந்து நிற்கும் ரயில் நிலையத்தைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களின் ஆசை. "திரும்பும்போது பார்த்துக்கலாம் அத்தா" என்றோம். திரும்பும்போது நேரமாகிவிட்டது. பிள்ளைகள் கைப்பேசி நிறையப் படங்களோடு வீடு திரும்பினார்கள்; நன்னா சொல்ல வந்த கதையைக் கேட்கவில்லை.

மதரஸாவில் பயணத்தின் சட்டங்களை மாணவர்களுக்குக் கற்பிக்கும் நமக்கு அந்த நாள் ஒரு பாடமாயிற்று. பயணிக்கு அல்லாஹ் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தந்தான். நோன்பைப் பிற்படுத்திக்கொள்ள அனுமதித்தான். பயணம் சிரமமானது என்பதால் தன் கடமையையே இலேசாக்கினான். அந்தச் சலுகையை மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளும் நாம், அதே பயணத்தில் நம் பெற்றோரின் சிரமத்தை இலேசாக்கினோமா?

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தொழுகை நடத்துபவர், பின்னால் நிற்போரில் பலவீனரும் முதியவரும் இருப்பதை எண்ணித் தொழுகையை இலேசாக்கட்டும் என்றார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தம் தொழுகையையே சுருக்கினார்கள். பயணங்களில் கூட்டத்தின் பின்னால் வந்து, நடக்க இயலாதவரைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காக துஆ செய்தார்கள். தலைவர் முன்னால் பாய்ந்து செல்பவர் அல்லர், பின்தங்கியவரோடு வருபவர்.

"அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று சிலர் கூறுவதுண்டு. நம் பெற்றோர் தம் தேவைகளை 'வேண்டாம்' என்ற சொல்லால் மூடியே நம்மை வளர்த்தவர்கள். அவர்களின் 'வேண்டாம்' நமக்குப் போதுமான சாக்கு ஆகாது.

ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊரில் கழிப்பறை, எந்தப் பள்ளிவாசலில் பெண்கள் தொழ வசதி என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர், மருந்து, மடக்கு நாற்காலி இம்மூன்றையும் பிள்ளைகளின் தின்பண்டங்களுக்கு முன்பே வண்டியில் ஏற்றுங்கள். பைகளைக் காப்பதும் குழந்தையை வைத்திருப்பதும் இளையவர்கள் முறைவைத்துச் செய்ய வேண்டிய வேலைகள். நீரில் இறங்கும் பிள்ளைகளைக் கண்ணிமைக்காமல் பார்த்திருப்பதும் நம் பொறுப்பே. அதை முதியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கைப்பேசியில் மூழ்கலாகாது.

அடுத்த ஆண்டு அவ்வழியிலேயே உள்ள அரியமான் கடற்கரைக்குச் சென்றோம். அங்கே அலை அமைதி. சவுக்கு மர நிழலும் உண்டு. வழியில் 4 இடங்களில் நின்றதால் லுஹர் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். நாற்காலியை நீரோரம் போட்டு அம்மாவை அமர்த்தினோம். பேத்தி ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் கைபிடிக்க, அவர்கள் பாதங்களை அலை நனைத்தது. "சுப்ஹானல்லாஹ், எம்புட்டுத் தண்ணி!" என்று சிறுபிள்ளைபோல் சிரித்தார்கள். 70 வயதைக் கடந்த எங்கள் அம்மாவின் பாதங்கள் கடலைத் தொட்டது அதுவே முதல்முறை. அத்தா நிழலில் அமர்ந்து, தம் தந்தையார் கப்பலேறிய கதையை அன்றுதான் சொல்லி முடித்தார்கள்.

பார்த்த இடங்கள் அந்த ஆண்டு குறைவு. ஆயினும் பிள்ளைகள் இன்றுவரை பேசுவது அந்தப் பயணத்தைத்தான். நன்னிமாவுக்கு எப்படிக் கை கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். நாளை நாமும் வண்டியில் அமர்ந்திருக்கும் முதியவர்களாவோம். அன்று அவர்கள் நமக்குச் செய்யப்போவது, இன்று நம்மிடம் பார்த்ததைத்தான்.

நம் பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியாக விளங்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.