அச்சவாரம் யாருக்குச் சொந்தம்?

யாழ்ப்பாணத்திலே வீடு வளவு விலைபேசுவோர் வாயிற் பழகிப்போன வாசகம் ஒன்று உண்டு: “கொடுத்த அச்சவாரம் திரும்பாது.” வாங்குபவன் மனம் மாறினாலும் திரும்பாது, விற்பவன் மனம் மாறினாலும் திரும்பாது, உடன்பங்காளி குறுக்கே வந்து விற்பனையைத் தடுத்தாலும் திரும்பாது. இதற்கு வழக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பகற்கொள்ளைக்கு இட்ட புனைபெயர் அன்றோ இது!

அச்சவாரம் இருவரையும் கட்டுவது. ஜஸ்டினியன் மன்னன் 6ஆம் நூற்றாண்டில் வகுப்பித்த உரோம சட்டத்தொகுதி இதனைத் தெளிவாகவே கூறிற்று. வாங்குபவன் பின்வாங்கினால் கொடுத்ததை இழப்பான்; விற்பவன் பின்வாங்கினால் பெற்றதை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பான். இந்நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோம டச்சுச் சட்டம் அந்தக் குலத்திலே பிறந்தது. அம்முறையின் முதற்பாதியை மட்டும் நம்மவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றனர். மறுபாதி எங்கே போயிற்று?

சட்டம் தெரியாத ஏழையின் அறியாமையே இவர்களுக்கு முதல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி விற்பனை மட்டுமன்று, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்பாக, இரு சாட்சிகளுடன், எழுத்தில் முடிக்கப்படாவிடின் செல்லாது என்பது அதன் 2ஆம் பிரிவு. தரகர் கொப்பித்தாளைக் கிழித்து எழுதித் தரும் துண்டைக் காட்டி, “பேசிய வீட்டை எழுதித் தா” என்று எந்த நீதிமன்றிலும் கேட்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கு வேறு. அதற்கு வழி உண்டு. ஆயின் பின்வாங்கியவர் யார் என்று நிறுவ வேண்டுமே! எழுத்தில்லாத வாக்குக்குக் காலவரையறை 3 ஆண்டு. “அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரட்டும்”, “தைப்பொங்கல் கழியட்டும்” என்று தவணை சொல்லியே அந்த 3 ஆண்டையும் கரைத்துவிடுவதில் நமது கனவான்கள் வல்லவர்கள்.

இழப்பவன் யார்? மகளுக்குச் சீதன வீடு தேடி, நகையை ஈடுவைத்து, வட்டிக்கும் வாங்கி ஐந்தோ பத்தோ இலட்சம் கொடுத்த தகப்பன். விற்பவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். அற்றோணித் தத்துவம் பெற்ற மைத்துனர் இங்கே பணத்தை வாங்குவார். கூடுதல் விலை கேட்டு இன்னொருவர் வந்ததும் பழைய பேச்சு காற்றிலே போகும். அச்சவாரம் தரகர் கையிலா, மைத்துனர் கையிலா, கடல் கடந்ததா என்று எவரும் சொல்லார். திருப்பிக் கொடுப்பவரும் வட்டியின்றியே கொடுக்கிறார். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதே! அந்த ஆண்டின் தொடக்கத்தில் கொடுத்த பத்து இலட்சத்தை இறுதியில் அதே பத்து இலட்சமாகப் பெற்றவன் முழுப்பணத்தையும் பெற்றவனா?

பங்குக் காணியின் கதை இன்னும் கொடியது. தேசவழமைப்படி உடன்பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்திற்று. விற்பவர் உரியோருக்கு முன்னறிவித்தல் கொடுத்த பின்பன்றோ அந்நியனிடம் கை நீட்ட வேண்டும்? அறிவித்தலும் கொடாது, பங்காளி உண்டென்று வாயும் திறவாது அச்சவாரத்தை வாங்கிவிட்டு, பங்காளி உரிமை கோரியதும், “நான் என்ன செய்வது, சட்டம் தடுக்கிறது” என்று கையை விரிப்பதற்குப் பெயர் என்ன? சட்டம் விற்பனையைத் தடுத்ததேயன்றிப் பணத்தை விழுங்கச் சொல்லவில்லை.

மறுபக்கத்திலும் குற்றமுண்டு. சிறுதொகையைக் கொடுத்து வீட்டை முடக்கிவிட்டு, ஆண்டுக்கணக்கில் எட்டிப் பாராத வெளிநாட்டுக் கொள்வனவாளரும் உளர். அவரால் நட்டமடைந்த விற்பனையாளர் அந்நட்டத்தைக் கழித்துக்கொள்ளட்டும், எவரும் மறுக்கவில்லை.

நொத்தாரிசுமாரை ஒன்று கேட்கிறோம். அச்சவாரம் கைமாறும் அன்றே உடன்படிக்கை உறுதியை முடியுங்கள். தொகை, தவணை, எவர் பின்வாங்கினால் எவருக்கு எவ்வளவு, பங்காளி உரிமை கோரினால் எத்தனை நாளில் முழுப்பணமும் திரும்பும் என்பவற்றை அதிலே எழுதுங்கள். பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பாராத வீட்டுக்கு அச்சவாரம் கொடுக்க வேண்டாமென்று வருபவனிடம் சொல்லுங்கள். உடன்படிக்கைக்குச் செலவாகும் என்று முணுமுணுக்கும் தரகரிடம், அச்செலவு அவருடைய தரகுக் கூலியில் எத்தனை பங்கு என்று வாங்குபவன் கேட்கட்டும்.