பெயர் எழுதாத படம்

பல்லேகலையிலிருந்து பஸ் ஏறிக் கண்டி நகருக்குச் செல்லும்போதெல்லாம் கமராவையும் எடுத்துச் செல்வது நமது நெடுநாளைய வழக்கம். முன்னாளில் நமக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. குயின்ஸ் ஹோட்டலைப் படம் பிடிப்பதாயின், அதன் முன்னே ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்து நிற்போம். குடை பிடித்த பெண்மணியும் கூடை சுமந்த வியாபாரியும் நமக்கு இடையூறாகவே தோன்றினர். இன்று அப்படங்களை எடுத்துப் பார்த்தால் அவற்றில் உயிரில்லை. அந்த ஹோட்டலை இன்றும் நேரில் காணலாம். காண முடியாதவர்கள், அன்று நாம் விலகக் கேட்ட அம்மனிதர்களே.

இதனை நமக்கு உணர்த்தியவர் ஒரு தையற்காரர். பழைய கடையொன்றின் விறாந்தையில் தையல் இயந்திரத்தோடு அமர்ந்திருப்பார். கடையின் மரக்கதவைப் படம் எடுக்கச் சென்றபோது, “தம்பி, என்னையும் சேர்த்து எடுங்கள், ஒரு பிரதி தந்தால் தூரத்திலிருக்கும் மகளுக்கு அனுப்புவேன்” என்றார். எடுத்தோம்; வாக்கும் கொடுத்தோம். இன்று நாளை என்று ஐந்து மாதங்கள் கடந்தன. பிரதியோடு சென்றபோது அக்கடை வரிசையே இடிக்கப்பட்டிருந்தது. அங்கு நின்ற ஒருவரிடம் விசாரித்தோம். “தையற்காரரா? அவர் பெயர் என்ன?” என்றார். விடை கூற நம்மிடம் பெயர் இல்லை.

பெரிய கலைஞர்களிடத்தும் இக்குறை உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் 1875 ஆம் ஆண்டு இலங்கையில் குடியேறி, 1879 இல் மலைநாட்டில் காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின் முதலியோரின் படங்கள் பெயரோடு நிலைத்துள்ளன. களுத்துறையில் அவர் எடுத்த எளிய மக்களின் படங்களுக்கோ, ‘களுத்துறைக் குடியானவர்’ என்பது போன்ற பொதுத் தலைப்புகளே உள்ளன. முகங்கள் தெளிவாயிருக்கின்றன, ஆனால் அவற்றைத் தம் முன்னோர் என்று கண்டு போற்ற எந்தக் குடும்பத்தால் இயலும்?

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். விபத்தில் மாண்ட மகனின் நினைவாகத் தந்தையொருவர் கட்டுவித்து, 1950 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அது. மகனின் பெயர் நிலைக்க அவருக்கு ஒரு கோபுரம் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு பென்சில் போதும்.

ஆகவே வாசகர்களே, வீதியில் ஒருவரைப் படம் எடுக்குமுன் அவரது சம்மதத்தைக் கேளுங்கள், பெயரையும் கேளுங்கள். பிரதி தருவதாகச் சொன்னால் தாமதியாது கொடுத்துவிடுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குப் பின்புறம் இல்லையாயினும், குறிப்பு எழுத அதிலும் இடமுண்டு. விடுமுறை நாளொன்றில் வீட்டிலுள்ள பழைய படப்பெட்டியைத் திறந்து, பாட்டியை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு முகத்துக்கும் உரிய பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

நமது மேசை இழுப்பறையில் அப்படம் இன்னும் இருக்கிறது. அதன் பின்புறத்தில் நாம் எழுத முடிந்தது இவ்வளவே: “தையற்காரர், கண்டி.”