நினைவகம் மட்டும் போதுமா?

சுழலும் காந்தத் தட்டிலிருந்து ஒரு தகவலை எடுக்கக் கணிப்பொறிக்குச் சில மில்லி வினாடிகள் பிடிக்கும். நினைவகத்திலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோ வினாடிகளே போதும். அப்படியானால் தகவல் முழுவதையும் நினைவகத்திலேயே வைத்துவிட்டால் தாமதமே இராது அல்லவா? இல்லை!

2009இல் வெளிவந்த 'ரெடிஸ்' என்னும் நினைவகத் தரவுத்தளம், ஒரே எழுத்தர் உள்ள பயணச்சீட்டுச் சாளரத்தைப் போன்றது. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றுகிறது. பெயர்கள் அனைத்தையும் ஒரேயடியாகத் தேடும் 'கீஸ்' கட்டளையை ஒருவர் இட்டால், மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 'ஸ்கேன்' கட்டளையோ அதே வேலையைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, இடையிடையே பிறருக்கும் வழிவிடுகிறது.

ஆகவே, வேகம் குறைந்தால் உடனே புதிய கணிப்பொறி வாங்குவது வீண் செலவு என்பேன். எந்தக் கட்டளை நேரத்தை விழுங்குகிறது என்று முதலில் அளந்து பாருங்கள்!