கம்மந்தான் கான் சாகிபின் பதவி நாள்

மதுரைச் சீமையின் 18-ஆம் நூற்றாண்டை எழுதுகிறவர் எவரும் கம்மந்தான் கான் சாகிப் எனப்பட்ட முகம்மது யூசுப் கானைத் தாண்டிப் போக முடியாது. கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் அவர் எந்தப் பதவியில், எந்த நாளிலிருந்து இருந்தார் என்று கேட்டால் நம் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 1752-லேயே அவரைத் தளபதி என்பார் ஒருவர். 1754 என்பார் இன்னொருவர். 1759-ல் மதுரை கவர்னர் ஆனதுதான் அவருக்குக் கிடைத்த உயர்வு என்போரும் உண்டு. இந்த முரண்பாட்டை அச்சுப்பிழைபோல நினைத்துக் கடந்துபோகும் வழக்கம் நம் துறையில் இருக்கிறது. அந்த வழக்கம் பெருந்தவறு. யூசுப் கானின் பதவி எப்போது தொடங்கியது, எதுவரை நீடித்தது என்பதைத் தீர்க்காமல், 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிடும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் இல்லாமல் அவரைக் கலகக்காரர் என்றோ விடுதலை வீரர் என்றோ எழுதுவது வெறும் விருப்பு வெறுப்பாகவே முடியும்.

முதலில் நாளைப் பார்ப்போம். 1752 என்ற ஆண்டு ராபர்ட் ஆர்மின் போர் வரலாற்றிலிருந்து வருகிறது. காவேரிப்பாக்கம் போருக்குச் சற்று முன்பு யூசுப் கான் தம் ஆட்களுடன் வந்து கிளைவின் படையில் சேர்ந்தார் என்கிறார் ஆர்ம். அது படையில் சேர்ந்த நாள். பதவி உயர்ந்த நாள் அன்று. தம் ஆட்களுக்குத் தாமே தலைவராக வந்தவருக்கு அந்தத் தலைமையைக் கும்பினி கொடுக்கவில்லை, ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. 1754-ல் நடந்தது வேறு. திருச்சிராப்பள்ளிப் போரில் அவருடைய திறமையைக் கண்ட கும்பினிப் படைத்தலைவர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பரிந்துரைத்தார். அதன்பேரில் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராகச் சென்னை கவுன்சில் அவருக்குக் கமிஷன் வழங்கியது. ஆகவே பதவி உயர்வின் ஆண்டு 1754 என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பரிந்துரை எழுதிய நாள், கவுன்சில் தீர்மானித்த நாள், கமிஷன் எழுதிக் கையொப்பமான நாள், பாளயத்தில் அதைப் படித்து நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள் என்று நான்கு நாள்கள் இதற்குள் இருக்கின்றன. எந்தச் செயலின் நாள் என்று சொல்லாமல் தேதி மட்டும் எழுதுகிறவர் வாசகருக்கு எதையும் சொல்லவில்லை. 1752-ஐ அடிப்படையாக வைத்துச் சேவைக் காலத்தைக் கணக்கிடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஆங்கிலேயர் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் பழைய நாள்காட்டியைக் கைவிட்டார்கள். 2-ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14-ஆம் தேதியாயிற்று. அதற்கு முன் பிரெஞ்சு ஆவணமும் ஆங்கில ஆவணமும் ஒரே நாளுக்கு 11 நாள் வித்தியாசத்தில் தேதி இடும். காவேரிப்பாக்கம் அந்த எல்லைக்கு முந்தியது; லாரன்ஸின் பரிந்துரை அதற்குப் பிந்தியது.

ஆர்ம் சமகாலத்தவர் ஆயிற்றே, அவர் எழுதியதே போதாதா என்று கேட்கலாம். ஒரு வகையில் அவர் சாட்சியம் மிக உயர்ந்தது. அவருடைய நூலின் முதல் தொகுதி 1763-ல் லண்டனில் வெளிவந்தது. அதில் யூசுப் கானைப் பற்றி அவர் எழுதிய பாராட்டு, தூக்கு மேடையின் நிழல் விழுவதற்கு முன்பே அச்சேறிவிட்டது. பின்னால் வந்த கால்டுவெல்லும், 1914-ல் தனி நூலே எழுதிய எஸ்.சி. ஹில்லும் முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை எழுதியவர்கள். ஹில் தம் நூலின் தலைப்பிலேயே அவரைக் கலகக்காரக் கமாண்டன்ட் ஆக்கிவிட்டார். ஆனால் ஆர்முக்கும் ஒரு குறை உண்டு. 1753-ல் இங்கிலாந்து சென்ற அவர், கவுன்சில் உறுப்பினராகச் சென்னைக்குத் திரும்பியது 1754-ன் பிற்பகுதியில். கமிஷன் பற்றிய பேச்சு நடந்தபோது அவர் அந்த மேசையில் இல்லை. எனவே குணச்சித்திரத்துக்கு ஆர்மையும், தேதிக்குக் கவுன்சிலின் இராணுவத் துறை நடவடிக்கைக் குறிப்பையும் நம்புவதே முறை. 1752 முதல் 1756 வரையிலான அந்தக் குறிப்புகள் சென்னை ஆவணக் காப்பகத்தால் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அச்சிடப்பட்டவை.

அடுத்தது தகுதி. சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவர் என்ற பெயர் பெரிது; ஆனால் அது எந்த ஏணியில் எத்தனையாவது படி? அந்தக் காலத்தில் ஒரே களத்தில் பல ஏணிகள் இருந்தன. அரசரின் கமிஷன் பெற்ற அதிகாரி, அதே நிலையிலுள்ள கும்பினி அதிகாரிக்கு மேல். 1754-ல் 39-ஆவது ரெஜிமென்ட்டுடன் கர்னல் அட்லர்கிரான் வந்து இறங்கியதும் லாரன்ஸே கீழே தள்ளப்பட்டார். அத்தனை ஆண்டுப் போர் அனுபவமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. யூசுப் கானை உயர்த்திய கையே அதே ஆண்டில் தாழ்த்தப்பட்டது என்பதை நம் நூல்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்திய அதிகாரிகளின் ஏணி இவை இரண்டுக்கும் வெளியே நின்றது. ஐரோப்பியப் படைவீரருக்குக் கட்டளையிடும் உரிமை அதில் கிடையாது. 1757-ல் மதுரையைப் பிடிக்கத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த கலியாட் வெறும் கேப்டன். ஆனாலும் அங்கே தலைமை அவருடையது, யூசுப் கானுடையது அன்று. 1758 டிசம்பர் முதல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது செங்கற்பட்டுப் பக்கமிருந்து பிரெஞ்சுப் படையை அலைக்கழித்ததில் யூசுப் கானின் பங்கு பெரிது. அங்கும் பக்கத்தில் ஒரு கேப்டன் இருந்தார். அவர் பிரஸ்டன், பின்னாளில் மேஜராக இதே யூசுப் கானின் மதுரைக் கோட்டையைத் தாக்கிப் படுகாயமுற்று இறந்தவர். ஆக, 1754-ன் கமிஷன் உண்மையானது, ஆனால் எல்லை போட்டது. சிப்பாய்ப் படை முழுவதற்கும் மேலே. ஐரோப்பிய அதிகாரிக்குக் கீழே. இந்தியர்கள் அரசரின் கமிஷனுக்குத் தகுதி பெற 1917 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அவரைப் பொதுப்படையாக ஜெனரல் என்று எழுதுவது எவ்வளவு பிசகு என்பது விளங்கும்.

அப்படியானால் அந்தக் கமிஷன் வெறும் அலங்காரம்தானே, பொன் பதக்கம்போல ஒரு பரிசுதானே என்பது ஒரு மறுப்பு. நான் அதை ஏற்கவில்லை. லாரன்ஸ் தம் பாளயத்திலேயே ஒரு பட்டம் கொடுத்து முடித்திருக்கலாம். அவர் மாகாணத் தலைமையின் எழுத்தை நாடினார். சிப்பாய்க் கம்பெனிகளின் தலைவர்கள் அதுவரை தத்தம் ஆட்களுக்குத் தாமே எஜமானர்கள். அவர்களைத் தம்மையொத்த ஒருவருக்குக் கீழ்ப்படியச் செய்வதற்குக் கும்பினியின் முத்திரை தேவைப்பட்டது. அந்த முத்திரைக்கு விலை இருந்தது என்பதற்கு அதே ஆண்டின் இன்னொரு நிகழ்ச்சி சான்று. திருச்சிராப்பள்ளிப் பாளயத்தில் லாரன்ஸின் துபாஷி பொன்னியப்பன், மைசூராருடன் யூசுப் கான் ரகசியத் தொடர்பு வைத்திருப்பதாகக் காட்டப் பொய்க் கடிதம் புனைந்து, குற்றம் வெளிப்பட்டு, பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டார். அலங்காரப் பதவியில் இருப்பவரைக் கவிழ்க்க யாரும் உயிரைப் பணயம் வைக்க மாட்டார்கள்.

இனி 1759. லாலி பின்வாங்கியபின் சென்னை கவுன்சில் யூசுப் கானை மீண்டும் தெற்கே அனுப்பியது. மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்க் குத்தகைக்கு அவரிடம் விடப்பட்டன. இதைத்தான் நாம் கவர்னர் பதவி உயர்வு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். குத்தகை ஒரு இராணுவப் படி அன்று, வருவாய் ஒப்பந்தம். அதைப் பதவி உயர்வு என்று எழுதியவுடன், 1754-ன் கமிஷன் அதற்குள் கரைந்துவிட்டது என்று வாசகர் எண்ண இடம் கொடுக்கிறோம். அப்படிக் கரைந்துவிட்டால், கும்பினியோடு மோதல் தொடங்கிய 1763-ல் யூசுப் கான் கும்பினியின் அதிகாரி அல்லர், நவாப் முகம்மது அலியின் நாட்டில் குத்தகைப் பணம் கட்டத் தவறிய ஒருவர் மட்டுமே. நவாபின் வாதம் முழுவதும் இதுதான். அவரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக் கவர்னர் பட்டம் சூட்டுகிறவர்கள், தங்களை அறியாமலே நவாபின் வழக்கறிஞர்களாகிவிடுகிறார்கள். 1763 பிப்ரவரி 10-ஆம் தேதியிட்ட பாரிஸ் உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என ஏற்றுக்கொண்டது. மதுரையைப் பார்த்தேயிராதவர்கள் போட்ட கையெழுத்து, மதுரையில் இருந்த ஒருவரின் சட்ட நிலையை ஐரோப்பியர் கண்ணில் மாற்றிவிட்டது.

கமிஷன் நீடித்தது என்று கொண்டால் கணக்கு வேறு: கும்பினி அதிகாரியை விசாரிக்க வேண்டியது கும்பினியின் இராணுவ நீதிமன்றம். 1755-ல் கோயில்குடி ஆலயத்தைச் சூறையாடிய படையெடுப்புக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஹெரான், சென்னையில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுப் பணிநீக்கம் பெற்றார். கும்பினிப் படையினருக்கு இராணுவ நீதிமன்றம் அமைக்கும் சட்டம் 1754-லேயே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. இந்தியச் சிப்பாய்களை அது எவ்வளவு தூரம் கட்டியது என்பது தனி விவாதம். ஆனால் 1764-ல் மேஜர் காம்பெலின் முற்றுகையில், தம் படையிலிருந்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் உடனிருந்தோரும் காட்டிக்கொடுத்ததால் பிடிபட்ட யூசுப் கானுக்கு அத்தகைய விசாரணை எதுவும் நடக்கவில்லை. இரண்டு நாளில் நவாபின் ஆணைப்படி தூக்கு. கும்பினியின் துருப்புகள் பிடித்தன, கும்பினியின் கமிஷன் பெற்றவரைப் பிடித்தன, கும்பினியின் நீதியை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. படை திரட்டிக் கும்பினியோடு போரிட்டார் என்பது தெளிவு. குற்றம் இருந்தாலும் அதை விசாரிக்க வேண்டிய மன்றம் எது என்பதைப் பதவிதான் தீர்மானிக்கிறது.

நாட்டுப்புறப் பாடலில் அவர் மன்னராகவே வாழ்கிறாரே, வெள்ளைக்காரன் காகிதத்தை ஏன் அளவுகோலாக்க வேண்டும் என்ற மறுப்பு வலுவானது. கான்சாகிபு சண்டைக் கதைப்பாடலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மதுரைச் சமவெளியிலும் நெற்கட்டும்செவல் வரையிலும் மக்கள் அவர் அதிகாரத்தை எப்படி உணர்ந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதற்காக அழுதார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆனால் கும்பினி தன் கையெழுத்தை மதித்ததா என்ற கேள்வியைக் கும்பினியின் காகிதத்தைக் கொண்டுதான் கேட்க முடியும். அந்தக் காகிதத்தை நாம் புறக்கணித்தால் தப்பித்துக்கொள்வது கும்பினிதான்.

ஆகவே இவ்விதழுக்கு எழுதும் ஆய்வாளர்களிடம் சில வேண்டுகோள்கள். யூசுப் கானின் பதவிக்குத் தேதி எழுதும்போது அது பரிந்துரையா, தீர்மானமா, கமிஷனா என்று குறிப்பிடுங்கள். 1752-ன் நாளாக இருந்தால் எந்த நாள்காட்டி என்பதையும் சேருங்கள். 1759-ஐக் குத்தகை என்றே எழுதுங்கள். எழும்பூர்க் காப்பகத்தில் 1763, 1764-ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கைகளைப் புரட்டுவோர், முற்றுகைச் செய்திகளோடு நின்றுவிடாமல், 1754-ல் வழங்கிய கமிஷனைக் கவுன்சில் எந்த நாளில், எந்தத் தீர்மானத்தால் திரும்பப் பெற்றது என்ற ஒன்றைத் தேடுங்கள். அது அக்டோபர் 15-க்கு முந்திய தேதியா என்று பாருங்கள்.