கணக்காபீசும் கர்ப்பக்கிரகமும்

கோயிலிலுள்ள சாமி எல்லோருக்கும் பொது என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒரு கூட்டத்தாரைத் தெருவிலும், ஒரு கூட்டத்தாரைக் கொடிமரத்தண்டையிலும், ஒரு கூட்டத்தாரை அர்த்த மண்டபத்திற்கு வெளியிலும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கூட்டத்தார் மாத்திரம் உள்ளே புகுந்து மணியாட்டி வந்த யோக்கியதையை நமது வாசகர்கள் நன்கறிவார்கள். இந்த வழக்கம் கோயிலோடு நின்றுவிடவில்லை. கௌரவமும் வரும்படியும் உள்ள ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கர்ப்பக்கிரகம் உண்டு. அதன் வாசலில் ஒரு பூசாரியும் உண்டு. கணக்குத் தணிக்கை என்னும் ஆடிட்டர் தொழிலும் இதற்கு விலக்கல்ல. ஆனால் சில வருஷங்களாக அத்தொழிலில் பெரும் பெயரெடுத்த கம்பெனிகள், எவரும் வந்து எங்கள் வேலையைப் பழகலாம், சிபாரிசு வேண்டாம், காசு வேண்டாம் என்று இணையத்தின் மூலம் ஒரு கதவைத் திறந்திருப்பதாகச் சொல்லுகின்றன. அதற்கு இணையவழி இன்டர்ன்ஷிப் என்று பெயர். இது மெய்யாகவே கதவு திறந்ததா, அல்லது தெருவில் நிற்பவனுக்குக் கதவிடுக்கால் கற்பூர வெளிச்சம் காட்டினதா என்பதே நாம் விசாரிக்க வேண்டிய சங்கதியாகும்.

முதலில் இந்த ஏற்பாடு இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் ஆபீசுகளெல்லாம் மூடிக்கிடந்த காலத்தில் இது உலகமெங்கும் பரவியது. மாணவர் தம் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்துகொண்டால் போதும். கம்பெனியின் உத்தியோகஸ்தர் ஒருவர் முன்னமே பேசிப் பதிவு செய்து வைத்த படம் ஓடும். பிறகு மாதிரிக் கணக்கொன்று கைக்கு வரும். அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடித்து, கணக்குக்குச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதமும் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பியவுடன் கம்பெனியின் மாதிரி விடை காட்டப்படும். தம் விடையைத் தாமே அதனோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாமாகச் சேர்ந்து ஐந்தாறு மணி நேர வேலை. முடிவில் ஒரு சர்டிபிகேட் வரும். சம்பளமில்லை, விடையைப் படித்துப் பார்க்கிற ஆளுமில்லை.

நமக்குத் தெரிந்த பி.காம். மாணவர் ஒருவர் இதைச் செய்து பார்த்தார். அவர் தகப்பனார் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறவர். மாணவர் முதலில் தம் ஜில்லாத் தலைநகரில் உள்ள ஆடிட்டர் ஆபீசுகளில் ஏறியிறங்கினார். அங்கே அவரைக் கேட்ட கேள்வி, கணக்கில் என்ன தெரியும் என்பதல்ல; யார் அனுப்பினார்கள், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்பவையே. அதன் பிறகுதான் சிநேகிதரின் லேப்டாப்பை இரவல் வாங்கி இந்த இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைகள் இரண்டு. சரக்குக்கு எழுதிய ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்த ரசீது, பணம் கேட்டு வந்த பில் ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்த்து, ஒரே பில்லுக்கு இரண்டு தரம் பணம் போயிருப்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று. வருஷக் கணக்கு முடிந்த பின் நடந்த விற்பனையை முந்தின வருஷத்தில் எழுதி, லாபத்தைப் பெருக்கிக் காட்டியிருந்த சூதைக் கண்டுபிடிப்பது மற்றொன்று. இரண்டையும் அவர் சரியாகவே செய்துவிட்டார்.

இதில் ஆச்சரியமென்ன? மூட்டைச் சீட்டையும் எடைச் சீட்டையும் பணச் சீட்டையும் ஒத்துப் பார்த்துக் கூலி வாங்குவது அவர் தகப்பனார் தினந்தோறும் செய்கிற காரியந்தானே! தகப்பன் செய்தால் கூலிவேலை, ஆடிட்டர் செய்தால் வித்தை என்பதல்லாமல் இரண்டுக்கும் அடிப்படையில் வேறு என்ன பேதம் இருக்கிறது? சட்டமும் வரியும் மேலே கற்க வேண்டியவை என்பது வாஸ்தவம். அவை படித்தால் வரக்கூடியவையே யொழியப் பிறப்பால் வரக்கூடியவையல்ல.

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு மாணவர் மறுபடியும் ஆபீசுகளுக்குப் போனார். கிடைத்த பதில், "இதெல்லாம் அனுபவத்தில் சேராதே, தம்பி!" என்பதே. கொடுத்ததோ உலகப் பிரசித்தி பெற்ற கம்பெனி. அக்கம்பெனியும், இதனால் எமது உத்தியோகஸ்தராகிவிட்டதாக எண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது. ஆகவே கொடுத்தவனுக்கும் அது வேலையல்ல. பார்த்தவனுக்கும் அது அனுபவமல்ல. பின் யாருக்குத்தான் பிரயோஜனம்? கம்பெனிக்குச் செலவில்லாத விளம்பரம் கிடைத்தது என்பதுதான் நமக்குத் தெரிகிறது.

நிற்க, "அனுபவம்" என்ற இந்த ஒரு சொல்லில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்தான் தணிக்கை செய்ய வேண்டும். அந்தப் பட்டத்திற்குப் பரீட்சை மாத்திரம் போதாது. தொழில் நடத்தும் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள் பயிற்சியும் பெற வேண்டும். முன்னே மூன்று வருஷமாயிருந்த அப்பயிற்சி, 2023-ஆம் வருஷத்துப் புதிய திட்டப்படி இரண்டு வருஷமாக்கப்பட்டது. பரீட்சை அறையில் உட்காருவது நம்பர். ஆர்ட்டிகிள் நாற்காலியில் உட்காருவதோ ஆள். நம்பருக்கு ஜாதியில்லை, ஆளுக்கு உண்டு. எல்லா ஆடிட்டர்களும் இப்படித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. நல்லவர்கள் தயவில் ஒருவனுடைய பிழைப்பு தொங்கிக் கொண்டிருக்கக் கூடாது என்றுதான் சொல்லுகிறோம்.

இந்தத் தந்திரம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. இங்கிலாந்தில் 1880-இல் சாசனம் பெற்ற கணக்காளர் சங்கத்தில் சேர வேண்டுமானால், வேலை பழகுகிற பையன்தான் எஜமானனுக்குப் பெருந்தொகை கட்டிப் பழக வேண்டியிருந்தது. பணக்காரன் பிள்ளையைத் தவிர மற்றவன் எட்டிப் பார்க்க முடியுமா? பெண்களுக்கோ 1920 வரையில் அங்கே இடமே இல்லை. அமெரிக்காவில் ஜான் கிராம்வெல் என்னும் கறுப்பர் பெரிய கல்லூரியில் படித்துத் தேறியவர். ஆயினும் கணக்காளர் பட்டம் வாங்க, பட்டம் பெற்ற ஒருவரிடம் வேலை பார்த்த அனுபவம் வேண்டும் என்பது சட்டம். பட்டம் பெற்றிருந்தவர்களோ அத்தனை பேரும் வெள்ளையர்கள். அவர்கள் கறுப்பரைச் சேர்க்கவில்லை. கடைசியில் அனுபவம் கேட்காத நியூ ஹாம்ப்ஷயர் என்னும் தூர ராஜ்யத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதித்தான் 1921-இல் அவர் அந்நாட்டின் முதல் கறுப்பர் கணக்காளரானார். "உனக்கு அறிவில்லை" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "உனக்கு அனுபவமில்லை" என்றார்கள். அனுபவம் பெற இடம் கொடுக்காதவர்களும் அவர்களே! நம் சென்னையில் 1933-இல் ஆர்.சிவபோகம் அம்மையார் கணக்கியல் டிப்ளமாவில் தேறி இந்தியாவின் முதல் பெண் கணக்காளரானார். அதுவரையில் பெண்ணுக்குக் கணக்கு வராது என்று சொன்னவர்கள் எந்தக் கணக்கைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்கிறோம்.

"இதெல்லாம் பழங்கதை; இப்போது யார் ஜாதி பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். 2007-இல் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை செய்து காட்டினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றாகவே உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மாத்திரம் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். மேல்ஜாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பில், தாழ்த்தப்பட்டோர் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குமே தேறிற்று. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் செய்தது வெறும் வீம்புக்காகவா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதினால் இணையவழிப் பயிற்சியே கூடாது என்பது நமது அபிப்பிராயமல்ல. அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. வெனிஸ் வியாபாரிகள் கையாண்டு வந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494-இல் லூக்கா பசியோலி என்னும் பாதிரியார் அச்சிட்டு வெளியிட்டார். அதையும் பண்டிதர்களின் லத்தீனில் எழுதாமல் ஜனங்களின் இத்தாலிய பாஷையில் எழுதினார். சிலர் கையிலிருந்த வித்தை பலர் கைக்கு வந்தது. அதைப் போலவே, ஆபீசுக்குள்ளே ஏதோ மந்திரம் ஜெபிக்கிறார்கள் என்று மலைத்து நின்ற பையனும் பெண்ணும், அங்கே நடப்பது இவ்வளவுதான் என்று கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். மலைப்பு ஒழிந்தால் பாதி அடிமைத்தனம் ஒழிந்தது. நம் புகாரெல்லாம், மலைப்பை ஒழித்தவர்கள் வாசலையும் ஏன் திறக்கவில்லை என்பதுதான்.

"ஒருவருடைய கணக்கு ரகசியத்தை முகந்தெரியாதவரிடம் கொடுக்க முடியுமா?" என்பார்கள். முடியாது, நியாயமே. ஆனால் மாதிரிக் கணக்கை வைத்தே ஆளின் திறமையை அளக்கலாமே! "பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் தொழில் வரும்" என்பார்கள். 2020-இல் ஊரடங்கின்போது ஆர்ட்டிகிள் மாணவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதிக்கப்படவில்லையா? ஏற்கெனவே உள்ளே இருந்தவனுக்கு வீடே ஆபீசாகலாம். வெளியே நிற்பவனுக்கு மாத்திரம் ஆகாது என்றால், இது என்ன ஆகமம்?

ஆகவே நாம் கேட்பது இவை. சர்டிபிகேட் கொடுக்கிற கம்பெனிகள் மாணவரின் விடையை ஆளை வைத்துத் திருத்த வேண்டும். அப்படித் திருத்தும்போது பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். தேறியவர்களில் இத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம் என்று வருஷந்தோறும் வெளியிட வேண்டும். பயிற்சி தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டல் கழித்தலுக்கு இங்கிலீஷ் எதற்கு? ஆர்ட்டிகிள் இடங்களைச் சிபாரிசுக்குக் கொடுக்காமல், பகிரங்கமாக விளம்பரம் செய்து நிரப்ப வேண்டும். மேலும் பயிற்சி என்ற பெயரால் மெய்யான வேலை வாங்கினால் மெய்யான கூலி கொடுக்க வேண்டும். 2024-இல் மத்திய சர்க்கார் அறிவித்த இன்டர்ன்ஷிப் திட்டத்திலேயே மாதம் 5,000 ரூபாய் உதவித் தொகை சொல்லியிருக்கும்போது, கோடி கோடியாகப் புரளுகிற கம்பெனிகளுக்குக் கை வராதது ஏன்?

மாணவத் தோழர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காசில்லாமல் கிடைக்கிற இப்பயிற்சியைத் தாராளமாகச் செய்யுங்கள். சர்டிபிகேட் தருகிறோம், பணம் கட்டு என்று எவனாவது கேட்டால் ஒரு தம்பிடியும் கொடாதீர்கள். அது தட்டு நீட்டுகிற பூசாரியின் தொழிலே. கிடைத்த காகிதத்தைச் சாமி படத்தைப் போல் கண்ணாடி போட்டு மாட்டி வைக்காமல், அதற்காகச் செய்த வேலையை ஒரு நோட்டில் எழுதி வைத்து, கேட்கிற இடத்தில் எடுத்துக் காட்டுங்கள். "யார் அனுப்பினார்கள்?" என்று கேட்டால் "நானேதான் வந்தேன்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

பிறருடைய வரவு செலவில் ஒரு காசு தவறினாலும் விடமாட்டோம் என்பவர்கள் ஆடிட்டர்கள். தங்கள் ஆபீசு நாற்காலிகள் எந்தெந்தக் கூட்டத்தாருக்கு எத்தனை போயிருக்கின்றன என்ற கணக்கையும் அவர்கள் ஒரு தரம் எழுதி, தணிக்கைக்குக் கொண்டு வரட்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களே.